கெஞ்சாத மனு

பாய்,

நேற்று இழுப்பறையைத் துழாவும்போது உங்கள் கார்பன் தாள் கட்டு கையில் பட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குழம்பிய எழுத்துகளுக்கு நடுவே அந்தப் பள்ளி ஆசிரியரின் பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மாதாமாதம் ஒரே இடத்தில் விழுந்த பெயர். விரல் நுனியில் ஏறிய நீலம் சோப்பு போட்டும் போகவில்லை.

நீங்கள் இருந்த காலத்தில் நான் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதேதான். எதிர்ச்சாரியில் உங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மத்தியானம் வகுப்பு காலியானதும் நீங்கள் தட்டும் சத்தம் என் மேசைவரை கேட்கும். வெளிநாட்டில் ஏதோ ஒரு சங்கம் உங்களுக்கு அந்த ஆசிரியரின் பெயரை அனுப்பியிருந்தது. அவருடைய நாட்டின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. அரசாங்கத்துக்குப் பிடிக்காததைப் பேசினார் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை, கோர்ட் இல்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. உலக நாடுகள் சேர்ந்து போட்ட மனித உரிமை ஒப்பந்தத்தில் அந்த நாடும் கையெழுத்துப் போட்டிருந்தது. அதை நினைவுபடுத்தி, அந்நாட்டு மந்திரிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. "நம்ம ஊர் ஸ்டேஷன்ல நடக்காததா பாய்? அதை வுட்டுட்டு எவனோ ஒருத்தனுக்கு எழுதறீங்களே!" என்று கிண்டல் செய்தேன்.

"சொந்த நாட்டைப் பத்தி எழுதக்கூடாதுன்றது சங்கத்து ரூலு. நம்ம எழுதினா கட்சிக்காரன்னுவாங்க. நம்ம ஊருக்கு வெளிநாட்டுக்காரன் எழுதுவான், ரைட்டரே."

"இந்தக் கடிதாசியப் பாத்து மந்திரி பயந்துடுவாரா?"

"பயப்பட வேணாம். அங்க ஒரு குமாஸ்தா இத்தப் பிரிச்சு, நம்பர் போட்டு, ஃபைல்ல சேக்கணும் இல்ல? பேரு ஃபைல்ல ஏறிடுச்சின்னா, அப்புறம் அந்த மாதிரி ஆளே இல்லைனு சொல்றது கஷ்டம்."

தாலுகா ஆபீஸ் வாசலிலேயே காலம் தள்ளுகிறவனுக்கு இது புரியாமல் போகுமா? அன்றோடு கிண்டலை நிறுத்தினேன்.

பிறகு அந்தக் கார்த்திகை மாதம். காய்ச்சலில் விழுந்த நீங்கள், அந்த மாதக் கடிதத்தை என்னை எழுதச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தது மனு இங்கிலீஷ் ஒன்றுதான். இருபது வருடமாகப் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் எழுதிய அதே நடையில் வெளுத்துக்கட்டினேன். மனைவி மக்கள் தவிக்கிறார்கள், மந்திரி அவர்கள் கருணை கூர்ந்து இந்த ஏழை செய்த குற்றத்தை மன்னித்து விடுதலை செய்ய வேண்டும் என்று முடித்து, தபாலில் போட்டுவிட்டு, நகலை உங்களிடம் பெருமையாக நீட்டினேன்.

படித்ததும் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். "இன்னா எழுதிட்டீங்க ரைட்டரே! அவரு இன்னா குத்தம் பண்ணாரு, மன்னிக்கறதுக்கு?"

தீபத்துக்கு வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு இரண்டு பேரும் தபாலாபீஸுக்கு ஓடினோம். தபால் பை கிளம்பிப் போய்விட்டது. அவர் குற்றவாளி என்று அவருக்காக எழுதுகிறவர்களே ஒப்புக்கொண்டதாக ஒரு தாள், என் கைப்படவே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. நீங்கள் திட்டவில்லை. அந்தக் காய்ச்சலோடு உட்கார்ந்து இன்னொரு கடிதம் தட்டினீர்கள். முந்தைய கடிதத்தில் குற்றம் என்று எழுதியது எழுதியவரின் தவறு, இவர்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை, காவலில் வைக்கப்பட்டவரை நீதிபதிமுன் நிறுத்துவதாக உங்கள் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது, நாங்கள் கேட்பது அதைத்தான். மொத்தம் அவ்வளவே. 'தாழ்மையுடன்' என்று ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் கண்ணை மூடிய மூன்றாவது மாதம் அந்த ஆசிரியரின் மனைவியிடமிருந்து இன்ஸ்டிடியூட் விலாசத்துக்குக் கடிதம் வந்தது. உங்கள் மகன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். கணவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறாராம். ஆனால் எந்தச் சிறை என்று சொல்லிவிட்டார்களாம். மாதம் ஒருமுறை பார்க்க விடுகிறார்களாம். விசாரித்துக் கடிதங்கள் வந்தபடி இருப்பதாக அதிகாரி சலித்துக்கொண்டாராம். சட்டம் கதவைத் திறக்கவில்லை, பாய். அவர் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்று மட்டும் சொல்ல வைத்தது. இதை நீங்கள் படிக்காமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனைப் போலீஸ் பிடித்துப்போய் நான்கு நாளாயிற்று, கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பழக்கதோஷத்தில் 'கருணை கூர்ந்து' என்று தொடங்கினேன். தாளைக் கிழித்துப் போட்டு, வேறு தாள் எடுத்தேன். ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட்முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம், நிறுத்தவில்லை, நிறுத்துங்கள் என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

அந்த அம்மா பயந்துவிட்டார். "கால்ல வுழுந்து கேக்கற மாதிரி எழுதுங்க சாமி. அவன் தப்பு பண்ணியிருந்தாலும் மன்னிச்சிக்கங்கன்னு எழுதுங்க."

"இன்னா தப்பு பண்ணான், மன்னிக்கறதுக்கு?" என்றேன். கேட்டது என் வாய்தான், குரல் உங்களுடையது.

மறுநாள் பையனைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். என் மனுவினால்தானா என்று தெரியாது. அதன் நகலை, நீங்கள் அந்த ஆசிரியருக்காக வைத்திருந்த ஃபைலில் சேர்த்து, நம்பர் போட்டு வைத்திருக்கிறேன். ஆசிரியருக்காக மந்திரிக்கு எழுதும் இந்த மாதக் கடிதமும் உங்கள் மெஷினில் தட்டியாயிற்று. இரண்டு விரலால்தான் தட்டினேன், பாய். அவர் பெயரில் பிழை இல்லை.