மாரிச்செல்வியின் சைக்கிளுக்குக் காந்தமில்லாத சென்சார்

அன்பு மகன் பாண்டிச்செல்வத்துக்கு அப்பா எழுதுவது. அபுதாபி வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் குறையொன்றும் இல்லை, உன் தங்கை மாரிச்செல்விக்குத்தான் ஆபரேஷன் செய்த முழங்கால் மறுபடி வீங்கிவிட்டது. தசைநார் நன்றாகத்தான் இருக்கிறது, பத்து நாள் ஓய்வு போதும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பிசியோதெரபி பார்க்கும் பியூலா சொல்லிவிட்டார், ஆனால் இன்னொரு தடவை வீங்கினால் இந்த வருஷப் போலீஸ் தேர்வில் ஓட விடமாட்டேன் என்றும் சொன்னார். அவள் சைக்கிளுக்கு நீ அங்கே ஒரு பொருள் வாங்க வேண்டும், போனில் சொன்னால் அளவெல்லாம் தவறிப்போகும், அதனால் எழுதுகிறேன், மாரிச்செல்வி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் மிதித்துத்தான் காலைத் தேற்ற வேண்டும், நிமிஷத்துக்கு அறுபதிலிருந்து எழுபது சுற்று, கூடவும் கூடாது குறையவும் கூடாது என்பது பியூலா சொன்ன கணக்கு. அதற்காகச் சமுத்திரத்தின் சைக்கிள் கடையில் ஒரு சென்சார் வாங்கி மாட்டினோம். பெடலைப் பிடித்திருக்கும் கிராங்கில் ஒரு சின்னக் காந்தம், எதிரே சட்டத்தில் சென்சார். காந்தம் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று என்று எண்ணும். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பெரிய மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, மஞ்சள் வைத்த கயிற்றைக் கொண்டுவந்து சைக்கிளில் கட்டினாள். பிள்ளையின் கால் படுகிற இடம் என்று அந்தக் கிராங்கில்தான் கட்டியிருக்கிறாள். முடிச்சு இறுகியதில் காந்தம் ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டது. அதன்பிறகு சென்சார் ஒரு சுற்றை எண்ணும், ஒரு சுற்றை விட்டுவிடும். ஹேண்டில்பாரில் உள்ள திரை நாற்பது என்று காட்ட, நாம்தான் சுணங்குகிறோம் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகவேகமாக மிதித்திருக்கிறாள்.

வீக்கத்தைப் பார்த்த பியூலா சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னார். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மிதிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து அவரே எண்ணினார். அவர் எண்ணியது நூறை நெருங்கியது, திரை ஐம்பதைக்கூடத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, இந்தக் கயிறு கட்டும்போது காந்தம் நகர்ந்திருக்கும் போல என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா பக்கத்தில் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டாள். மாரிச்செல்வி சிரிக்க வைக்கப் பார்த்தாள், ஏம்மா, ஆத்தாவுக்கே என் ஸ்பீடு பத்தல போலுக்கு, அதான் வெரட்டி விட்டுருக்கா என்றாள். அம்மா சிரிக்கவில்லை. எங்கையால கட்டுனதுதானட்டி ஒனக்கு வெனையா வந்துச்சு என்று மட்டும் சொன்னாள். தினமும் காலையில் சைக்கிளைத் துடைப்பது அவள்தான், இப்போது அது நிற்கும் பக்கமே போவதில்லை.

காந்தத்தைப் பசை போட்டு ஒட்டித் தாரேன், அம்புட்டுத்தாண்ணே சோலி என்கிறான் சமுத்திரம். எனக்கு மனம் ஒப்பவில்லை. காந்தமே இல்லாத வகை வந்திருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். கிராங்கோடு சேர்ந்து தானும் சுற்றி, சுற்றுவதைத் தானே உணர்ந்து எண்ணுமாம், எதிரே ஒன்றும் வைக்க வேண்டியதில்லை. வாங்கும்போது சிலவற்றைக் கவனி. ஒரே சென்சாரை வேகத்துக்கும் வைக்கலாம், சுற்றுக்கும் வைக்கலாம் என்று விற்கிறார்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் வேலை மாறிவிடுகிறது, பியூலா வேகத்தையும் குறித்துவரச் சொல்லியிருக்கிறார், நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம், தனித்தனியாக இரண்டு வாங்கு. சுற்றுக்கானது இடது கிராங்கின் உட்புறம் உட்காரும், அங்கே சட்டத்துக்கும் கிராங்குக்கும் இடையில் பத்து மில்லிமீட்டர்தான் இருக்கிறது, நானே அளந்தேன், எட்டுக்கு மேல் தடிமன் இருந்தால் உரசும். வேகத்துக்கானது சக்கரத்தின் நடுவில் ஹப்பில் ரப்பர் பட்டையால் மாட்டுவது, பின் சக்கர ஹப்புக்குப் பட்டை எட்டுமா என்று பார். மழை பெய்தால் பின் சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றி வீட்டுக்குள்ளேயே மிதிக்கிறாள், அப்போது முன் சக்கரம் சுற்றாது, கைப்பேசி வரைபடமும் வேகம் பூஜ்யம் என்றே காட்டும். அவள் கைப்பேசிக்கும் இப்போதுள்ள திரைக்கும் இரண்டுக்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்கு. செட்டியார்பட்டி தங்கச்சாமி இருபதாம் தேதி அங்கிருந்து லீவில் கிளம்புகிறானாம், அதற்கு முன்னால் அவன் கையில் சேர்த்துவிடு.

மற்றபடி தறியில் பேண்டேஜ் துணி ஓட்டம் பரவாயில்லை, மின்வெட்டும் குறைந்திருக்கிறது. நீ வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், குறைத்துவிட்டேன் என்று பொய் சொல்லாதே.

சென்சாரைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஓய்வு முடிந்தாலும் அம்மா கயிறு கட்டாமல் சைக்கிளில் ஏற மாட்டேன் என்று மாரிச்செல்வி அடம்பிடிக்கிறாள். இனிமே அதை நான் தொடமாட்டேன் என்று அம்மா சொல்கிறாள். இரண்டு பேர் பிடிவாதமும் உனக்குத் தெரியும், நடுவில் நாள் போகிறது, தேர்வு நிற்காது. புதிதில் நகர்வதற்குக் காந்தமே கிடையாது, கயிறு கட்டினாலும் எண்ணிக்கை தப்பாது என்று நான் சொல்லிப் பார்த்தேன், சும்மா எஞ்சமாதானத்துக்குச் சொல்லாதீய என்று அம்மா எழுந்து போய்விட்டாள். நீ சொன்னால் கேட்பாள். வாங்கிய அன்றைக்கே வீடியோவில் கூப்பிட்டு, எனக்கு அல்ல, அம்மாவுக்குக் காட்டு. உள்ளே காந்தம் இல்லை என்று விளங்கும்படி நிதானமாகச் சொல், கயிற்றை எந்த இடத்தில் கட்டலாம் என்றும் நீயே சொல்லிவிடு.

உனக்கு எல்லா நலமும் சேரட்டும், மாரியம்மன் துணை இருக்கட்டும். நான் எழுதும் கடிதங்களில் அடியில் ஒரு வரி அம்மா எழுதுவாள் அல்லவா, இந்தத் தடவையும் பேனாவை நீட்டினேன், அவள் வாங்கவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

அன்புடன் அப்பா,
சீனிச்சாமி
இராஜபாளையம்