எடுக்காதே, எண்ணு

சித்தூர்
1-6-2004, செவ்வாய்

கிருஷ்ணம்மாவுக்கு எத்திராஜ் எழுதுவது.

உன் தம்பி வேணு வீட்டில் நீ சுகமாகத்தான் இருப்பாய். இங்கே எனக்கு உடம்பு சுகம், வயிறுதான் சுகமில்லை. ஒன்பது நாளாக பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் துன்னுகிறேன். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் கேட்டால் சர்வர் முறைக்கிறான்.

அவன் கல்யாணம் முடிந்து திருப்பதியிலிருந்து நேரே நம் வீட்டுக்கு வருவாய் என்று பார்த்தேன். நீ பெண் மாப்பிள்ளை போன வேனிலேயே ஏறி நாகலாபுரம் போய்விட்டாய். நான் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது பாயசமும் இல்லை, நீயும் இல்லை. மறுநாள் கல்யாணத்துக்குக் கொடுத்த நம் பாத்திரங்கள் லாரியில் திரும்பி வந்தன. உனக்கு ரிங் விட்டேன். கூடத்தில் இருந்த அண்டா அடித்தது. திறந்து பார்த்தால் கரண்டிகளுக்கு நடுவில் உன் செல்போன். கொண்டுவந்த லாரிக்காரன் பயந்துபோய் வாடகை வாங்காமலே போகப் பார்த்தான். நானே கூப்பிட்டுக் கொடுத்தேன்.

வேணு செல்லுக்கு அடித்தால் எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி தெலுங்கில் சொல்கிறாள். உங்கள் ஊருக்கு இன்னும் டவர் வரவில்லையாம். அதனால்தான் பேனா பிடிக்கிறேன்.

தாலி முடிச்சு போடுகிற நேரத்தில் நீ போனைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், நாத்தனார் முடிச்சை பெண்ணோட அக்கா செங்கம்மா போட்டுவிட்டதாகவும் நம் குமாஸ்தா நாராயணசாமி வந்து சொன்னான். அதற்கு என்மேல் கோபமா? அன்றைக்குக் காலையில் நான் உனக்கு ரிங் விடவே இல்லை. சாமி சத்தியம்.

மண்டிக்கு பெங்களூரா மாங்காய் வர ஆரம்பித்துவிட்டது. உன் போன் வேறு நாள் பூராவும் அடிக்கிறது, நான் கட் பண்ணிக்கொண்டே இருக்கிறேன். புதுப்பெண் வந்த வீட்டில் நாத்தனார் இத்தனை நாள் குந்திக்கினு இருந்தால் ஊர் என்ன சொல்லும்? வியாழக்கிழமை வந்துவிடு.

இப்படிக்கு,
எத்திராஜ்

*

நாகலாபுரம்
4-6-2004

மாமாவுக்கு கிருஷ்ணம்மாவின் வணக்கம்.

லெட்டர் கிடைத்தது. வியாழக்கிழமை போய்விட்டது, நான் போகவில்லை.

ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருக்கிறீங்க. ஊர் ஒன்றும் சொல்லவில்லை. புதுப்பெண் ஷோபாதான் "இருங்க அண்ணி, நீங்க போனா எனக்கு இந்த வீட்ல எது எங்க இருக்குதுன்னே தெரியாது" என்று பையை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

போன ஆனி மாசம் எனக்கு அந்த போனை வாங்கிக் கொடுத்தீங்க. தெருவே வந்து பார்த்தது. அன்றைக்கே சட்டமும் போட்டீங்க. "எடுக்காதே, எண்ணு. எடுத்தால் காசு." ஒரு ரிங் என்றால் மண்டியை விட்டுக் கிளம்பியாச்சு, உலை வை. இரண்டு என்றால் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று என்றால் கூட ஆள் வருது, அரிசி சேர்த்துப் போடு. நாலு என்றால் வாசலில் வந்து நில்லு, சாவி வேணும். அதற்கு மேல் கிடையாது.

அன்றிலிருந்து நான் குளிக்கப் போனால் போன் சோப்புப் பெட்டி பக்கத்தில். கங்கம்மா கோயிலுக்குப் போனால் போன் தேங்காய்த் தட்டில். தண்ணீர்க் குழாய்க்குப் போனால் இடுப்பில். பாதியில் ஒரு ரிங் விட்டுப்போனால் அது ஒன்றா, இரண்டில் ஒன்றா என்று உலையும் வைக்காமல் அடுப்பும் அணைக்காமல் நின்றிருக்கிறேன். ஒரு வருஷமாக உங்க போன் எனக்கு வருது. அதில் உங்க குரலை நான் கேட்டதே கிடையாது.

கல்யாணத்தன்று நீங்க ரிங் விடவில்லை என்கிறீங்க. வேணு முதல் முடிச்சு போட்டு என் பக்கம் திரும்புறான், இடுப்பில் போன் அடிக்குது. கை தன்னால் எண்ணப் போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நிற்கவில்லை. அஞ்சு, ஆறு. பதினொன்று வரைக்கும் போச்சு. நாலு ரிங்குக்கு மேல் விடாத மனுஷன் பதினோரு ரிங் விட்டால் என்ன அர்த்தம்? உங்கமேல் லாரி ஏறிவிட்டதா, மண்டியில் விழுந்துவிட்டீங்களா என்று கை கால் ஓடவில்லை. ஐயர் "நாத்தனார் எங்கம்மா" என்று கேட்டார். நேரம் போகுதே என்று செங்கம்மா போட்டுவிட்டாள். அவள்மேல் தப்பு இல்லை.

எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவனுக்கு ஒரே கல்யாணம். அந்த முடிச்சை நான் இனி எங்கே போய்ப் போடுவேன்?

கிருஷ்ணம்மா

*

சித்தூர்
8-6-2004

கிருஷ்ணம்மாவுக்கு,

ஓட்டல் மாற்றிவிட்டேன். இங்கே ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மற்றபடி இருக்கிறேன்.

உன் லெட்டரைப் படித்துவிட்டு நாராயணசாமியிடம் என் போனை நோண்டச் சொன்னேன். அன்றைக்குத் தேதியில், காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு உன் பெயர் இருக்கிறது. நான் அடிக்கவில்லை, சட்டைப்பை அடித்திருக்கிறது. தோட்டக்காரன் திருவேங்கடம் கொண்டுவந்த காய்மேல் குனிந்து, முற்றிவிட்டதா என்று நான் மூக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். போன் பட்டனைப் பூட்டிவைக்கச் சொல்லி வேணு போன பொங்கலுக்கே காட்டிக்கொடுத்தான். அது எதற்கு, யார் என் பையில் கைவிடப் போகிறான் என்று இருந்துவிட்டேன். தப்புதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் போனே தப்பு என்று எழுதாதே. பாகாலா ஸ்டேஷனில் கூடையில் மாங்காய் வைத்து விற்றவன் நான். ரயில் எப்போது வந்தாலும் பிளாட்பாரத்தில் நின்றேன். மற்றவன் டீ குடிக்கப் போனான், நான் போகவில்லை. அவன் இன்னும் கூடை வைத்திருக்கிறான், நான் மண்டி வைத்திருக்கிறேன். வியாபாரம் என்றால் கூப்பிட்ட உடனே இருக்கணும்.

இப்போது இன்னொரு விஷயம். உன் போனைக் கட் பண்ணிக் கட் பண்ணிக் கை வலித்து, சனிக்கிழமையிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். முதல் போன் பால்காரி வரலட்சுமி. பால் மீதி இருந்தால் உனக்கு ஒரு ரிங் விடுவாளாம். வேண்டும் என்றால் நீ திரும்ப ஒன்று விடுவாயாம். நான் எடுத்து "யாரு" என்றதும் பயந்து வைத்துவிட்டாள். பிறகு கேஸ்காரன். பிறகு தையல்காரி. பிறகு நம் நாராயணசாமி! எனக்கு மூன்றடி தள்ளி மண்டியில் உட்கார்ந்துகொண்டு, பழக்க தோஷத்தில் உனக்கு இரண்டு ரிங் விடுகிறான். பிடித்துக் கேட்டேன். முதலாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறாரா, வெறும் வயிற்றோடு வருகிறாரா என்று உன்னிடம் தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த மாதிரி உட்காருவானாம். எத்தனை மாசமாக என்றேன். தலையைச் சொறிகிறான்.

இதெல்லாம் போகட்டும். புத்தலப்பட்டு தோட்டக்காரர்கள் பதினாலு பேர் உனக்கு ரிங் விடுகிறார்கள். நீ மாடிக்குப் போய் மண்டி ரோட்டில் வண்டி எத்தனை நிற்கிறது என்று பார்த்துவிட்டு, குறைச்சலாக இருந்தால் ஒரு ரிங் திரும்ப விடுவாயாம். அதற்கப்புறம்தான் காய் கிளம்புமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் மண்டியில் மட்டும் நெரிசல் இல்லாமல் வண்டி வருவது என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ரிங் திரும்பப் போகாததால் பதினாலு டிராக்டரும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. அடி காய் நசுங்கிப் போச்சு. திருவேங்கடம் என்னைப் பார்த்து, "அம்மா எப்ப வருவாங்க" என்று கேட்கிறான். சீசன் எப்படி என்று கேட்கவில்லை.

சீக்கிரம் வா.

எத்திராஜ்

*

நாகலாபுரம்
11-6-2004

மாமாவுக்கு,

வெந்நீர் நல்லதுதான், குடியுங்க.

ஒன்று எழுதாமல் விட்டேன். எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். சட்டைப்பைமேல் பழியைப் போட்டு முடித்துவிட்டீங்க, அதனால் எழுதுகிறேன்.

பதினோராவது ரிங்கில் நான் சட்டத்தை மீறினேன். எடுத்தேன். சத்திரத்தில் மேளம் கொட்டுது, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். உங்க குரல் வந்தது. உயிரோடு இருக்கிறார் என்று உடம்பெல்லாம் ஆறிப்போச்சு. ஒரு வருஷத்தில் போனில் உங்க குரலை முதல்முதலாகக் கேட்கிறேன், ஆசையாகக் கேட்டேன்.

திருவேங்கடம் உங்களிடம் "மச்சான் கல்யாணமாச்சே, நீங்க போகலியா, அம்மா தனியா என்ன பண்ணுவாங்க" என்கிறார். நீங்க சொல்றீங்க: "அவளுக்கு இன்னா வேலை? வூட்ல சும்மா குந்திக்கினு இருக்கிறவதானே. ஒரு ரிங் வுட்டா ஓடி வருவா."

அந்த நேரத்தில்தான் செங்கம்மா முடிச்சு போட்டாள்.

இதை நீங்க வேணும் என்று எனக்குச் சொன்னால்கூட நான் சண்டை போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். எனக்குத் தெரியாமல் நாலு பேரிடம் சொல்கிறது இதுதானா என்றுதான் போனை அண்டாவில் போட்டேன்.

இந்த மாசம் 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ஷோபாவுக்கு தாலி பிரித்துக் கோர்க்கிறோம். மஞ்சள் கயிற்றில் குண்டும் பவழமும் சேர்த்துக் கட்டவேண்டியது நான். வேணு வேறு யாரையும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நீங்க வரணும். சாப்பாட்டு நேரத்துக்கு இல்லை, காலையில் கோர்க்கும்போது நிற்கணும். இங்கே டவர் கிடையாது, தெரியுமில்லையா. வந்தால் அன்றைக்குப் பூரா உங்களை யாரும் கூப்பிட முடியாது.

வரவில்லை என்றால் நான் கோபப்படமாட்டேன். இங்கேயே இருந்துவிடுவேன், அவ்வளவுதான். வேணு பின்கட்டில் ஒரு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டான்.

கிருஷ்ணம்மா

*

சித்தூர்
16-6-2004

கிருஷ்ணம்மாவுக்கு,

உன் லெட்டரை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

சொன்னது நான்தான். சொல்லவில்லை என்று சொல்ல முடியாது, நீயே கேட்டிருக்கிறாய். எதற்குச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். மச்சான் கல்யாணத்துக்குப் போகாமல் காய் பார்த்துக்கொண்டு நிற்பதை திருவேங்கடம் குத்திக் காட்டிவிட்டான். தப்பிக்க உன்னைப் பிடித்து இழுத்தேன். இத்தனை வருஷம் மண்டியில் அடுத்தவன் சரக்கைத்தான் மட்டம் தட்டிப் பேசியிருக்கிறேன். சொந்தச் சரக்கை எவனாவது தட்டுவானா? தட்டினேன்.

சும்மா இருக்கிற வேலை என்ன என்று பத்து நாளாக நான் செய்து பார்க்கிறேன். ஒரு பையில் என் போன், ஒரு பையில் உன் போன். என் போனை எடுத்தால் உன் போன் அடிக்கிறது. திங்கட்கிழமை ஷேவிங் கடையில் ஒரு கன்னம் முடித்து எழுந்து வந்தவன், சாயந்திரம்தான் மறு கன்னத்துக்குப் போனேன். மண்டி முழுக்க அதே பேச்சு. மாடி ஏறி வண்டி எண்ணினேன், மூன்று தடவை. முட்டி போய்விட்டது. நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுவாய்?

வெள்ளிக்கிழமை விஷயம். மாம்பழக்கூழ் பேக்டரியில் அன்றைக்குத்தான் பெரிய கொள்முதல் ஆரம்பம். மேனேஜர் சொல்லிவிட்டார்: "போன் பண்ணுவேன், எடுத்தா உங்க லாரி உள்ள வரும். எடுக்கலன்னா அடுத்த மண்டி." அவரிடம் "எடுக்காதே, எண்ணு" என்று சொல்ல முடியுமா? ஒரு நாள் போனால் சீசனில் கால்வாசி போனமாதிரி. இது உனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தத் தேதி வைத்தீர்களோ என்றுகூடத் தோன்றுகிறது.

வருவேன் என்றும் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. பொய் எழுதப் பிடிக்கவில்லை.

எத்திராஜ்

*

நாகலாபுரம்
27-6-2004, ஞாயிறு

மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்க திரும்ப பஸ் ஏறும்போது ஊரே பார்க்க "எப்ப வர்றே" என்று கேட்டீங்க. நான் பதில் சொல்லவில்லை. ஊருக்கு நடுவில் சொல்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கெல்லாம் நீங்க வந்து நின்றதை வேணு நம்பவில்லை. யாரோ ஆபீசர் என்று நாற்காலி எடுக்கப் போனான். வந்ததும் வராததுமாக பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினீங்க. போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் சுற்றினதை நானும் ஷோபாவும் கொல்லையிலிருந்து பார்த்தோம். சிரிக்கவேண்டாம் என்றுதான் பார்த்தேன், அவள் சிரித்துவிட்டாள். பிறகு நீங்களே இறங்கி வந்தீங்க. யாரும் கூப்பிடவில்லை.

மஞ்சள் தட்டை உங்க இரண்டு கையிலும் கொடுத்தது எதற்கு என்று கேட்டீங்க. கை சும்மா இருந்தால் பைக்குள் போகும், அதனால்தான். பொம்பளைங்க விசேஷத்தில் ஆம்பளை தட்டு பிடிக்கிறதா என்று செங்கம்மா கேட்டதற்கு, "அவ சொன்னா பிடிக்க வேண்டியதுதான்" என்று நீங்க சொன்னது எனக்குக் கேட்டது. இதையும் நான் கேட்பேன் என்று தெரியாமல்தான் சொன்னீங்க. அதனால் நம்புகிறேன்.

நான் அவசரப்படாமல் கோர்த்தேன். ஒவ்வொரு குண்டாக. கால் மணி நேரம் ஆச்சு. நீங்க நகரவில்லை, தட்டும் ஆடவில்லை.

பேக்டரி கொள்முதல் அடுத்த மண்டிக்குப் போய்விட்டது என்று நாராயணசாமி வேணுவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கும் வருத்தம்தான். திருவேங்கடத்தைக் கேளுங்க, மீதிக் காயை ஜூலையில் விலை ஏறும்போது தருவார். என்னிடம் போன மாசமே சொல்லியிருக்கிறார்.

சரக்கு என்று எழுதினீங்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீங்க எழுதினதிலேயே அதுதான் உண்மையாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இனி ரிங் விட்டுக் கட் பண்ணினால் நான் எண்ணமாட்டேன். பேசுகிறதென்றால் பேசுங்க, நானும் எடுத்துப் பேசுவேன். உலை என் நேரத்துக்கு வைப்பேன், ஆறினாலும் சாப்பிடணும். வண்டி எண்ணுகிற வேலை என் வேலைதான், அதை யாரிடமும் கொடுக்காதீங்க.

நாளைக்குத் திங்கட்கிழமை நல்ல நாள். வேணு இப்போதே சித்தூருக்குக் கிளம்புகிறான், அவன் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் நாளைக்கு வருகிறேன். எந்த பஸ் என்று சொல்லமாட்டேன். ஸ்டாண்டில் வந்து நில்லுங்க.

கிருஷ்ணம்மா