மெழுகு வைத்து அடைத்த பேணி

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
10.01.1965

அன்புள்ள ஸல்ஹா,

இன்று மூதூரில் உங்கள் வீட்டில் இருந்த மூன்று மணித்தியாலமும் நான் சொல்லாமல் இருந்தது இதுதான்: உங்கள் றஊப் இனி வரமாட்டார்.

எழுதிவிட்டேன். இதைத் தபாலில் போடுவேனோ தெரியாது. வாயால் ஏலாததைக் கையால் செய்து பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை கந்தோரில் எனக்கு ஒரு பட்டியல் டைப் அடிக்கத் தந்தார்கள். புயலில் இறந்து, பெயர் தெரியாமலே அடக்கம் செய்யப்பட்டவர்களின் விபரம். பதினேழாவது ஆள்: ஆண், வயது முப்பதளவில், பச்சைக் கட்டம் போட்ட சாரம், இடது கைச் சின்னவிரல் பாதி இல்லை. இடுப்பு வாரில் ஒரு சிகரெட் தகரப் பேணி, மூடி மெழுகால் அடைத்தது, உள்ளே விதைகள். வடக்குக் கரையில் டிசம்பர் இருபத்தைந்தில் ஒதுங்கியது. அன்றே அங்கே அடக்கம்.

வள்ளத்துக் கயிற்றில் அவருடைய அந்த விரல் போன அன்று நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. மெழுகு என்னுடைய வேலை. கடல் தாண்டி உங்களுக்கு எந்த விதை அனுப்பினாலும் மெழுகுதிரியை உருக்கி மூடியைச் சுற்றி விடுவேன், உப்புத்தண்ணீர் போகாமல்.

இன்னொன்றும் இருக்கிறது. புயல் அடித்த இருபத்திரண்டாந் திகதி அவர் வள்ளத்தில் கொண்டுவந்த விறகை இறக்கிவிட்டு இரண்டு மணிக்கே மூதூருக்குத் திரும்ப நின்றார். நான்தான் கந்தோர் வாசலில் மறித்து, சூரியகாந்தி விதை வீட்டில் இருக்கிறது, வேலை விட்டதும் எடுத்து வருகிறேன், நில்லுங்கள் என்றேன். நாலரை வரை இறங்குதுறை ஜெட்டியில் நின்றார். பேணியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "தங்கச்சி, உங்கட பூவால எனக்கு ரெண்டரை மணித்தியாலம் போச்சு. முதல் பூ எனக்கு எண்டு எழுதித் தாங்க" என்று சிரித்தார். அப்போதே வானம் செம்பு நிறமாக இருந்தது. நானும் சிரித்தேன்.

இன்று நீங்கள் நோன்போடு இருந்துகொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினீர்கள். குடிக்க மாட்டேன் என்றதற்கு, "நீங்க குடிக்காட்டி எனக்கு நன்மை கூடாது" என்று பகிடி விட்டீர்கள். பிறகு வளவைக் காட்டினீர்கள். கடல் வந்து நின்றுபோன மண், வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. ஒரு இலை இல்லை. ஒரு குருவி இல்லை. "இவ்வளவு அமைதியா எங்கட வளவு இருந்ததே இல்ல. அவர் வந்து கண்டா ஏசுவாரு" என்றீர்கள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். லோஞ்சுப் படகுக்கு நேரமாகிறது என்று சொன்னேன்.

யோகமலர்


ஓர்ஸ் ஹில்,
17.01.1965

அன்புள்ள ஸல்ஹா,

நலம். உங்கள் நலமும் மாமியின் நலமும் அறிய ஆவல். நோன்பு நாளில் வந்து உங்களைக் களைக்கப் பண்ணிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். எங்கள் கூரைக்கு ஓடு போட்டாயிற்று. பொங்கல் பொங்கினோம் என்று பெயர். அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு எழும்பிவிட்டார்.

இத்துடன் சூரியகாந்தி விதை பதினொன்று அனுப்புகிறேன். எங்கள் வளவில் எடுத்தது. உங்கள் மண்ணில் நேரே போடாதீர்கள், உப்பு கொன்றுவிடும். ஆற்று வண்டல் கொஞ்சம் எடுப்பித்து, சாம்பலும் கலந்து உடைந்த சட்டிகளில் போடுங்கள். மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ஒன்றை இங்கே நட்டுப் பார்த்தேன். ஆறாம் நாள் முளைத்தது.

வேறு புதினம் இல்லை.

அன்புடன்,
யோகமலர்


786

மூதூர்,
14.02.1965

அன்பின் யோகமலருக்கு, உங்கள் சுகத்துக்கும் அப்பாவின் சுகத்துக்கும் துஆ செய்துகொண்டு ஸல்ஹா எழுதுவது.

பெருநாளுக்கு நீங்கள் வருவீர்கள் என்று தொதல் எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை. எறும்புக்குப் போனது. உங்கள் கடிதங்களும் சின்னனாகிவிட்டன. தலையில் எப்போதும் சிவமயம் என்று போடுவீர்கள், போன கடிதத்தில் அதுவும் இல்லை. கோபமா, மறதியா?

நல்ல செய்தி சொல்கிறேன். பதினொரு விதையில் ஒன்பது முளைத்துவிட்டது. இந்தத் தெருவிலேயே முதல் பச்சை எங்கள் சட்டியில்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், ஏதோ யானைக்குட்டி கட்டியிருக்கிற மாதிரி. குருவிகளும் வருகின்றன. முதலில் காகம். பிறகு புலுனிகள் ஏழு, வந்த நேரம் தொட்டு ஒன்றையொன்று ஏசிக்கொண்டு. இப்போது ஒரு தேன்சிட்டு கூரை இறப்பில் தொங்குகிற அவருடைய வள்ளக் கயிற்று நுனியில் கூடு கட்டுகிறது. கயிற்றை ஒருவரையும் தொட விடவில்லை.

கூடப்பிறந்த ஸெய்னுதீன் காக்காவோடுதான் சண்டை. "இத்தா இரு புள்ள. புருஷன் மவுத்தானவ இருக்கிற நாலு மாசமும் பத்து நாளும்தானே. நடுவில அவன் வந்தா எழும்பி வா, அதில என்ன நட்டம்?" என்கிறார். நான் சொன்னேன், "நான் அறைக்குள்ள போய் இருந்தா அவர மவுத்தாக்கினது கடல் இல்ல, நான்தான்." அவரைப் பெற்ற மாமி நாள்தோறும் வந்து என் பக்கம் நின்று கதைக்கிறா. கிண்ணியாவில் இருவர் இந்தியக் கரை வரை அடிபட்டுப் போய், போன கிழமைதான் வந்து சேர்ந்தார்களாம். அவர்களும் மனிதர்கள்தானே.

ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். சுபஹு தொழுகை முடிந்ததும் அந்தச் சட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இது பூக்கிறபோது அவர் வந்துவிட வேண்டும் என்று கேட்கிறேன். இப்படி நாள் வைத்துக் கேட்பது சரியில்லை என்று தெரியும். ஆனாலும் இந்த விதை வந்த பிறகுதான் எனக்குக் கேட்கவே வாய் வந்தது.

ஸல்ஹா


ஓர்ஸ் ஹில்,
07.03.1965

அன்புள்ள ஸல்ஹா,

கோபம் இல்லை. சிவமயம் மறதியும் இல்லை. புயலுக்குப் பிறகு கோயிலுக்குப் போகவில்லை. கோணேசர் மலை அடியில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

செடிக்குக் கம்பு நட்டுக் கட்டுங்கள், மாசிக் காற்று முறித்துவிடும். அதன் மேல் எதையும் வைத்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஸல்ஹா. அது ஒரு செடி.

காக்கா சொல்வதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

யோகமலர்


786

மூதூர்,
15.04.1965

அன்பின் யோகமலருக்கு, உங்கள் புத்தாண்டுக்கு என் வாழ்த்து. எங்கள் ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது.

"அது ஒரு செடி" என்று எழுதினீர்கள். ஏழு வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்திருக்கிறோம், உங்கள் கையால் இப்படி ஒரு வரி நான் வாசித்ததில்லை. பதில் எழுதாமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

பூத்துவிட்டது. வியாழனோடு எட்டு நாள். என் முகத்தளவு இருக்கிறது. கிளிகள் விதை முற்ற முன்பே வந்து வேலியில் இருந்து பார்க்கின்றன. ஒவ்வொரு லோஞ்சுக்கும் காக்காவை ஜெட்டிக்கு அனுப்பினேன். நேற்று அவர் போகமாட்டேன் என்றார். மாமியும் பேசாமல் இருந்தா. அவ பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயம்.

மைமூனா ராத்தாவைத் தெரியும்தானே, எங்கள் குறுக்கு ஒழுங்கையில் பன் பாய் இழைக்கிறவ. நேற்று வந்து என் பக்கத்தில் இருந்து கதைத்தா. அவவுடைய புருஷன் கொழும்பில் ஆசுபத்திரியில் மவுத்தாகி, செய்தி வந்து சேர ஐந்து மாதம் ஆனதாம். இத்தா நாள் செய்தி கேட்ட நாளில் இருந்து இல்லை, உயிர் போன நாளில் இருந்துதான் எண்ணுகிறது. செய்தி வந்த அன்றைக்கு அவவுடைய நாள் எல்லாம் கழிந்து போயிருந்தது. "ஆக்கள் எல்லாம் என்ன நல்லதெண்டு சொன்னாங்க. கஷ்டம் இல்லாமப் போச்சாம். எனக்கு அந்த மனிசனுக்காக இருக்கிறதுக்கு ஒரு நாள் கூட மிச்சம் வைக்கல்ல, புள்ள. பதினாலு வருஷமா நான் பாய் இழைக்கிறன், இன்னும் எங்கேயோ எழும்பாம இருக்கிற மாதிரித்தான் இருக்கு" என்றா.

அவ போன பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்தப் புயல் இரவுதான் என்றால், இந்த மாத முப்பதோடு என் நாளும் முடிகிறது. அவர் வருவார். ஆனால் எண்ணிவிட்டேன்.

ஸல்ஹா


சிவமயம்

ஓர்ஸ் ஹில்,
19.04.1965

ஸல்ஹா,

மேலே அந்தச் சொல்லைப் போடாமல் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் துணிவு இல்லை.

ஜனவரி பத்தாந் திகதி எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் இத்துடன் இருக்கிறது. அதை முதலில் வாசியுங்கள். அறைக்குள் போய், மாமி பக்கத்தில் இருக்க வாசியுங்கள்.

வாசித்துவிட்டீர்கள் என்றால்:

விதை எங்கள் வளவில் எடுத்தது என்று எழுதியது பொய். இறந்தவர்களின் உடைமைகள் வைத்திருந்த கந்தோர்ப் பெட்டியில் அந்தப் பேணி கிடந்தது. ஒருவரையும் கேட்காமல் எடுத்தேன். மூன்று நாள் கடலில் கிடந்தும் மெழுகு விடவில்லை. உள்ளே பன்னிரண்டு விதையும் காய்ந்தபடியே இருந்தன. ஒன்றை நட்டுப் பார்த்து, அது முளைத்த அன்று வீட்டில் விளக்கு ஏற்றினேன். மற்றவற்றை அதே பேணியில், அவர் உங்களிடம் கொண்டுவந்த மாதிரியே இருக்கட்டும் என்று அனுப்பினேன். நீங்கள் அதன் மேல் நம்பிக்கை வைப்பீர்கள் என்று நினைக்கவில்லை. பிறகு வைத்தீர்கள், அதையும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பட்டியல் கந்தோர்ப் பலகையில் ஒட்டியிருந்தது. காக்கா இரண்டு தரம் வந்து விசாரித்துப் போன பிறகுதான் அது வந்தது. நான் ஒளிக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான், அந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மாதம் இருட்டறையில் நீங்கள் வெள்ளைச் சேலையோடு இருப்பதை நினைக்க ஏலாமல் இருந்தது. அதை ஒரு தண்டனை என்று எண்ணினேன். நீங்கள் அவருக்குச் செய்யக் கடைசியாக மிச்சமிருந்த காரியம் அது என்று மைமூனா ராத்தாவின் கதையில்தான் விளங்கியது. எனக்காகவும் ஒளித்தேன். ரெண்டரை மணித்தியாலத்தை உங்களிடம் சொல்லப் பயம்.

முப்பதாந் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடக்கம் செய்த இடம் எனக்குத் தெரியும். காக்கா வந்தால் காட்டுவேன்.

யோகமலர்


786

மூதூர்,
21.04.1965

யோகமலருக்கு,

கடிதம் இன்று பகல் வந்தது. காக்கா பள்ளி லெப்பையிடம் கேட்டுவிட்டு வந்தார். ஒன்பது நாள் இருக்கிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு இத்தா இருக்க அறைக்குள் வந்துவிட்டேன். இதுதான் வெளியே போகிற கடைசித் தாள்.

அந்த இரண்டரை மணித்தியாலத்துக்கு உங்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. நில்லுங்கள் என்று கடற்கரையில் யாரும் யாருக்கும் சொல்வதுதான். காற்று அல்லாஹ்வுடையது.

நீங்கள் சொல்லாமல் வைத்திருந்த நூற்று மூன்று நாள் வேறு கதை. நோன்புப் பெருநாளைக்கு நான் புதுச் சேலை உடுத்தேன், யோகமலர். அவருக்குப் பிடித்த நாவல் நிறம். வந்தால் காணட்டும் என்று. அவர் மண்ணுக்குள் இருந்தார், உங்களுக்குத் தெரியும்.

காக்கா வருவார், இடத்தைக் காட்டுங்கள். நீங்கள் இங்கே வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

பூவைப் பறிக்கவில்லை. முதல் பூ தனக்கு என்று கேட்டார் அல்லவா. விதைக்கு விட்டிருக்கிறேன். கிளிக்கு மாமி காவல்.

ஸல்ஹா


சிவமயம்

ஓர்ஸ் ஹில்,
04.07.1965

அன்புள்ள ஸல்ஹா,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் மே மாதத்தில் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அது சரிதான். இது நாலாவது.

ஜூன் முதல் கிழமை ஸெய்னுதீன் காக்கா கந்தோருக்கு வந்தார். அந்தப் பேணியை என் மேசையில் வைத்து, "தங்கச்சி தந்துவிட்டவ" என்றார். "ஏதும் சொன்னவவா?" என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லல்ல. மெழுகு உருக்கக்குள்ள கையைச் சுட்டுக்கிட்டா, அது மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து மெல்லச் சுரண்டித் திறந்தேன். கடிதம் இருக்கும் என்று நினைத்தேன். விதை மட்டும், நாற்பத்தாறு.

அவரை அடக்கிய இடத்தில், காக்கா மீசான் கல் நட்ட மண்ணில், சுற்றிவரத் தென்னங்கிடுகு கட்டி அவ்வளவையும் போட்டேன். எங்கள் வளவுக்கு ஒன்றும் எடுக்கவில்லை. முப்பத்தொன்று முளைத்தது. கச்சான் காற்றும் வெயிலும். தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு நாளில் கருகும். கந்தோர் விட்டதும் பஸ் ஏறிப் போய், அருகில் இருக்கிற கிணற்றில் அள்ளி ஊற்றிவிட்டு வருகிறேன். குருவிகள் அதற்குள் அறிந்துவிட்டன. நான் வாளியை வைக்கிற நேரம் பார்த்து இரண்டு மைனா வந்து நிற்கும். கோயிலுக்கும் போகிறேன். அங்கே ஒன்றும் கேட்பதில்லை.

இன்று ஞாயிறு என்பதால் காலையிலேயே போனேன். கிடுகுப் படலை திறந்திருந்தது. காக்கா தள்ளி நின்று ஓதிக்கொண்டிருந்தார். நீங்கள் குந்தியிருந்து செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தீர்கள். மன்னியுங்கள் என்று கூட நான் சொல்லவில்லை.

கிணற்றுக்குப் போய் அள்ளி வந்தேன். ஊற்றினேன். திரும்பப் போய் அள்ளி வந்தேன். மூன்றாவது வாளியை நீங்கள் என் கையிலிருந்து வாங்கி ஊற்றினீர்கள். பத்தரை லோஞ்சுக்கு நீங்கள் போய்விட்டீர்கள்.

யோகமலர்