ஆளில்லாத பேசின்

கிகோமா, தன்சானியா
09.10.2024

அன்புள்ள நிதுர்ஷனுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மின்னஞ்சலில் வந்தாலும் இதைக் கடிதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

நான் சுகம். இந்தத் தங்கனிக்கா ஏரி ஒரு கிலோமீற்றருக்கும் மேல் ஆழம். மேலே வளரும் பாசி செத்து அடியில் போய்ச் சேர்கிறது. அதிலுள்ள கரி, அதாவது காபன், அங்கே வாயுவாகி, மேல்நீரோடு கலக்க வழியில்லாமல் காலங்காலமாக அடைந்து கிடக்கிறது. ஏரி சூடாகச் சூடாக அது என்ன ஆகும், ஏரி கரியை உள்ளே இழுக்கிறதா வெளியே விடுகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம். "தண்ணிக்கு மூச்சுப் பாக்கப் போனவள்" என்று உங்கள் அக்கா கேலியாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னா.

இனி விஷயம். இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். அடுத்த மழைக்காலத்தையும் பார்க்காவிட்டால் என் வேலை அரைகுறைதான். "இருந்தா அங்கேயே இரு, திரும்பி வராத" என்று சொன்னீர்களே, அது கோபமா, முடிவா? வருடம் முடிவதற்குள் நான் பதில் கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஓர் உதவியும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, வெப்பநாட்டில் ஆழமில்லாத நீர் ஒன்று தேவை. கடலோடு சேரும் நம் ஊர் வாவி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து மிதக்கவிட்டால் தண்ணீரிலிருந்து எழும் வாயு அதற்குள் நிற்கும். அதைச் சிரிஞ்சில் எடுத்துக் குப்பியில் அடைத்து, என்னோடு படித்த காத்தான்குடி அஸ்மியாவிடம் கொடுத்தால் கம்பஸ் ஆய்வுகூடத்தில் பார்ப்பாள். படம் வரைந்து அனுப்புகிறேன். கோபமாக இருக்கும் ஆளிடம் வேலை சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். உங்களை விட்டால் எனக்கு யார்?

அன்புடன்,
யசோ

களுவாஞ்சிக்குடி
21.10.2024

யசோதினிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. விதைப்பு நேரம், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை வயல் வட்டையிலேயே பொழுது போகிறது.

இரண்டு வருடம் என்றுதான் போனாய். கலியாண வீடுகளுக்குத் தனியாகப் போகிறேன். "யசோ வரல்லையா" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சோற்றைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். முதல் வருடம் பதிலுக்கு நின்றார்கள். இதைத்தான் தொலைபேசியில் சொல்ல வந்தேன், வேறு என்னவோ வாயில் வந்தது.

பேசின் வாங்கினேன், நீலம். மிதப்பதற்கு உள்விளிம்பில் ரெஜிபோம் நுரைத் துண்டுகள் ஒட்டி, குருமண்வெளித் துறைக்குக் கொஞ்சம் தள்ளிக் கல்லுக் கட்டி விட்டிருக்கிறேன். வெளியே பார்த்தால் வெறும் பேசின்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்சாதி ஆபிரிக்காவிலிருந்து ஏவ, இவன் வாவியில் பேசின் விடுகிறான் என்று ஊர் சிரிக்க நான் இடம் கொடுக்கமாட்டேன். குப்பிகள் அஸ்மியாவிடம் போய்விட்டன.

நிதுர்ஷன்

கிகோமா
04.11.2024

அன்புள்ள நிதுர்ஷனுக்கு,

கலியாண வீட்டுச் சோற்றை வாசித்துவிட்டு அழுதேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அஸ்மியா முடிவுகளை அனுப்பினாள். ஒரு குப்பியிலும் பிழையில்லை என்று உங்களை மெச்சியிருக்கிறாள். வாவி நன்றாகவே மூச்சு விடுகிறது. மழைநீர் ஏறி உப்புக் குறையும்போது சேற்றிலிருந்து சதுப்பு வாயு கூடும். முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிக் கடல்நீர் உள்ளே வந்ததும் அது குறைய வேண்டும். குறைகிறதா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. வெட்டும் நேரத்திலும் பேசின் தண்ணீரில் நிற்கட்டும்.

நம் வாவி உங்களைப் போல. ஆழமில்லை என்று சொல்வதாகக் கோபிக்க வேண்டாம், உள்ளே வந்ததை உடனே வெளியே விட்டுவிடும் என்கிறேன். நான்தான் இந்த ஏரியைப் போல எல்லாவற்றையும் அடியில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அதனால் மேலே எடுத்தே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இந்த வேலையும் வேண்டும், நீங்களும் வேண்டும். ஒன்றைத் தெரிவுசெய் என்றால் செய்வேன், ஆனால் பாதி ஆளாகத்தான் வந்து சேருவேன்.

அன்புடன்,
யசோ

களுவாஞ்சிக்குடி
08.12.2024

அன்பின் யசோ,

ஒரு கூத்து நடந்தது. முழுதாக வாசி.

வட்டையில் வெள்ளம் நின்றதால் முகத்துவாரத்தை வெட்டினார்கள். வாவி கடலுக்கு இழுத்த இழுவையில் என் கயிறு அறுந்து, பேசின் தன்பாட்டில் போயிருக்கிறது. கரையோரமாக ஆச்சிப்பிள்ளையும் மற்றப் பெண்களும் இறால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இடுப்பில் கயிறு கட்டிப் பேசினை இழுத்துக்கொண்டுதான் அவர்கள் இறால் பிடிப்பது உனக்குத் தெரியும். கவிழ்ந்த பேசின் தனியே வந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். அப்படியென்றால் அடுத்த ஊர் ஆள், முதலை கொண்டுபோய்விட்டது என்று சத்தம் எழும்பிவிட்டது.

வட்டையால் வந்து துறையில் இறங்கிய நானும் கேட்ட மாத்திரத்தில் உடுப்போடு குதித்தேன். என்ன பேசின் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. தோணிகள் வந்துவிட்டன. கண்டல் வேர்களுக்கு அடியில், சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினேன். கையில் ஏதும் பட்டுவிடுமோ என்றும் பயம், படாமலே போய்விடுமோ என்றும் பயம். யாரென்று தெரியாத அந்த ஆளுக்கு என் மனம் உன் முகத்தை வைத்துவிட்டது. நீயும் தினமும் தண்ணீர்மேல்தானே நிற்கிறாய்.

களைத்துக் கரையேறியபோதுதான், அவர்கள் எடுத்து வைத்திருந்த பேசினைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ரெஜிபோம். ஓடி ஒளியலாம் போலிருந்தது. ஆனாலும் அவ்வளவு பேருக்கும் முன்னால் சொன்னேன்: "அது என்ட பேசின். யசோட வேலைக்கு நான் போட்டது."

ஆச்சிப்பிள்ளை அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்களே பாத்திருப்பமே மனே. ஆளில்லாத பேசினக் கண்டா எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும்" என்றா. பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். பேசின்காரன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அடுத்த நாள் சிவப்புத் துணி கட்டித் திரும்ப விட்டேன், குப்பிகளையும் அனுப்பிவிட்டேன்.

இனி உன் கேள்வி. கோபத்தில்தான் சொன்னேன், முடிவில்லை. இன்னொரு வருடம் தூரத்தில் இருக்கிறாய் என்றாலும் நீ உயிரோடு இருக்கிறாய். அந்தச் சேற்றுக்குள் நின்றபோது எனக்கு அது போதுமாக இருந்தது. கையெழுத்தைப் போடு. வெள்ளாமை வெட்டி முடிந்ததும் நான் வாறன்.

உன்
நிதுர்ஷன்

கிகோமா
12.12.2024

என் அன்பு நிதுர்ஷனுக்கு,

நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். கடைசி நான்கு மாத வேலையை நம் வாவியில் செய்வதாக எழுதித்தான் போட்டேன், ஒத்துக்கொண்டார்கள்.

இங்கே வந்த நாளிலிருந்து உங்கள் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று பயம். நேற்றுப் படகில், கூட வேலை செய்பவர்களிடம், என் கணவர் வருகிறார் என்றேன். பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை. மத்தியானம் முழுக்க ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். நான் திருத்திக்கொண்டே இருந்தேன். எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது, அலுக்கவே இல்லை.

உங்கள்
யசோ