திருவிருந்துக் கோப்பைகள்

பிப்ரவரி 6, செவ்வாய்

பல வருடங்களுக்கு முன் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "டீச்சர், இயேசு நமக்காக உயிரைக் கொடுத்தாரு, சரி. உங்களுக்காக வேற யாராவது எதையாவது கொடுத்திருக்காங்களா?"

எதற்கும் ஓர் உதாரணம் சொல்லுவது என் பழக்கம். "எங்க அக்கா அவங்க குரலைக் கொடுத்தாங்க" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அம்மா போனதும் அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், நான் படித்தேன். ஆலயப் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. நீராவியும் வெளுப்பு மருந்தின் நெடியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. நானோ காலமெல்லாம் தொண்டையை வைத்தே பிழைத்தேன்.

இன்று மதியம் அரைத்தூக்கத்தில் அந்தக் கேள்வி மறுபடி வந்தது. சன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் அக்காவின் இருமல்.

பிப்ரவரி 8, வியாழன்

போதகரைப் பார்த்தேன். பதினெட்டாம் தேதி, பிறருக்காகத் தங்களைக் கொடுத்தவர்களை நினைவுகூரும் ஆராதனை. திருவிருந்து முடிந்ததும் திராட்சை ரசம் கொடுத்த சின்னக் கண்ணாடிக் கோப்பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு கழுவப் பின்னறைக்குப் போய்விடுகிறாள் அக்கா. இத்தனை வருடத்தில் ஆசீர்வாதத்தை உட்கார்ந்து கேட்டதே இல்லை. "இனிமே காகிதக் கோப்பை வாங்கிடலாங்க ஐயா. அவங்களை முன்னால கூப்பிட்டு ஒரு சால்வை போடுவோம்" என்றேன். அவருக்கும் சந்தோஷம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன். அக்கா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"என்னைக் கேட்டியா?"

"உனக்கு ஓய்வு வேண்டாமா?"

"டீச்சரம்மா முடிவு பண்ணியாச்சு. நான் கை கட்டி நிக்கணும்."

பிப்ரவரி 12, திங்கள்

காலையிலிருந்து அக்கா மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடிக்கிறாள்.

பிப்ரவரி 14, புதன்

"தியாகமாம் தியாகம். நான் என்ன சிலுவையிலயா தொங்கினேன்? சம்பளத்துக்குத் துணி வெளுத்தேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

"கோப்பையை என்கிட்டயிருந்து எடுக்காதே. அவ்வளவுதான்."

கழுவுகிற வேலைக்கா இத்தனை பிடிவாதம்? என்ன இருக்கிறது அந்தப் பின்னறையில் — ஒரு தொட்டி, ஒரு குழாய், ஈரச் சுவர். எனக்குப் பிடிபடவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

காகிதக் கோப்பை அடுத்த வாரத்திலிருந்துதான். கடைசிப் பாட்டு தொடங்கியதும் அக்காவை அழைத்து வரப் போனேன். அது முடிந்ததும் சால்வை.

நடைவழியில் பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. கூடவே இன்னொரு குரல். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலுக்குள் அக்கா பாடிக்கொண்டிருந்தாள். உடைந்த குரல், ஆனால் சுருதி இம்மியும் பிசகவில்லை. கூரையோரக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் கோப்பைகள் மின்னின. அவள் கண்களை மூடியிருந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்து பாடினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே பார்க்க யாருமில்லை; குழாய்ச் சத்தத்தில் ஆலயத்துக்குள் கேட்கவும் கேட்காது. இந்த இடத்தையா நான் மூடப் பார்த்தேன்?

காலடி கேட்டுக் குழாயை மூடினாள். "எவ்வளவு நேரமா நிக்கிற?"

"இப்பதான் வந்தேன்."

துணியை எடுத்தேன்.

"நீ தொடைச்சா பஞ்சு ஒட்டும்."

"ஒட்டட்டும். குழாயைத் திற, பாட்டு முடியப் போகுது."

ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு திறந்தாள். கடைசிச் சரணத்தை அவள் பாட, நான் தாழ்ந்த குரலில் கூடப் பாடினேன். அப்பால் போதகர் எங்களை அழைத்தார். மறுபடியும் அழைத்தார். இரண்டு பேரும் போகவில்லை.

பிறகு வாசலில் நிறுத்திக் கேட்டார். "கூப்பிட்டேனே டீச்சர்?"

"கை ஈரமா இருந்துதுங்க ஐயா." அப்புறம் மெதுவாக, "காகிதக் கோப்பை வேண்டாங்க. அக்காவுக்கு அந்த இடம் வேணும்" என்றேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காகிதக் கோப்பைப் பெட்டி பிரிக்கப்படாமல் பரண்மேல் இருக்கிறது. நான் துடைத்ததில் இன்றும் பஞ்சு ஒட்டியதாம். "பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லிக்கொடுத்தியா?" என்றாள்.

கடைசிப் பாட்டுக்கு அக்கா குழாயைப் பாதிதான் திறந்தாள்.

என்றாவது யாராவது இதைப் படித்தால், அவருக்கு ஒன்று: உனக்காக உழைத்தவரை மேடைக்கு அழைக்கும் முன், அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், ஒரு பாட்டு நேரம் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடு.