நல்ல புழு என்று எழுதி ஒட்டியது

குளத்தூர்
3-11-1992

அன்புள்ள பேத்தி ஆர்யாவுக்குப் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் சுகம். பெங்களூர்க் குளிரில் உனக்கு இருமல் வராமல் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். தேனீப் புழுவைக் கொல்லும் வைரஸுக்கு ஓர் உறை உண்டு, அது எந்தெந்தப் புரதத்தால் ஆனது என்று நீ பார்க்கிறாய். அஞ்சாம் கிளாஸ்காரி எனக்கும் அது விளங்கியது. ரேஷன் கடையில், நம்மைப்போல் தேனீ வளர்க்கும் ராஜபாயிடம், "எனக்க பேத்தி வைரஸுக்க சட்டைய உரிச்சு எண்ணுதா" என்று பெருமையாகச் சொன்னேன். அவள், "எண்ணி முடிச்சா எனக்க செத்த ஈ எல்லாம் திரும்பி வருமோ?" என்று கேட்டாள்.

அடுத்த பக்கம்தான் என்னை இதை எழுத வைத்தது. நோய்ப் புழுவின் புரதத்தைப் பிரித்தபோது தெரிந்த மூன்று நீலக் கோடும் நல்ல புழுவிலும் தெரிந்ததாமே. நீ புழுக் குழாயை மாற்றிவிட்டாய் என்று உன் ஆராய்ச்சி சார் எல்லோர் முன்பும் திட்டினாராமே. மாசக் கடைசிக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராமே.

நீ மாற்றவில்லை மக்கா. தப்பு என்னுடையது.

உன் மாமன் மோகனன் ‘நல்ல புழு’ என்று எழுதி ஒட்டி ஐஸ் பிளாஸ்கில் கொண்டுவந்தது, பலாமரத்தடித் தேனீப் பெட்டியில் எடுத்தது. அதற்கு ஐந்து நாள் முன்பு அந்தப் பெட்டியில் ஈ குறைவாக இருந்தது. ஆள் குறைந்த பெட்டிக்கு வேறு பெட்டியின் புழு உள்ள தேனடையைக் கொடுப்பது இங்கே எல்லோரும் செய்வதுதானே. நோய் வந்த கிணற்றடிப் பெட்டியில் ஓர் அடை பாதி நன்றாக இருந்தது. செத்த புழுவைக் கிள்ளி எறிந்துவிட்டு அதை எடுத்து வைத்தேன். மோகனன், "அம்மா, தீனம் பிடிச்ச அடையாக்கும், வேண்டாம்" என்றான். "நாப்பது வருசமா ஈ வளக்குத எனக்கு நீ படிப்பிச்சுத் தர வேண்டாம்" என்று அவன் வாயை அடைத்தேன்.

புழு எடுத்த அன்று அத்தனையும் பால்போல் வெள்ளையாகத்தான் இருந்தது; உள்ளே நோய் இருந்தது தெரியவில்லை. நாலாம் நாள் திறந்தால், தலையைத் தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன. ஊசியால் எடுத்தால் நீர்ப்பை மாதிரித் தொங்கின. அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். மானம் போகுமே என்று இருந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சாரிடம் காட்டு. என் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். காட்டாக்கடைப் பரமசிவன் பெட்டிகளில் இன்னும் நோய் இல்லை. அவரே புழு எடுத்து வெள்ளிக்கிழமை ரயிலில் பெங்களூருக்கு வருவார். நான் அவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. என் கையிலேயே நோய் ஒட்டியிருக்குமோ என்று பயம்.

வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இப்போது வராதே மக்கா. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு நல்லதே வரும்.

உன் பாட்டி
செல்லபாய்