ஆறாவது தேமல்

என் கோபக்காரிக்கு,

வேலையாக வெளியூர் போகிறேன் என்றது பொய். தோல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொல்லி, தேமல்களைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். "தொட்டா சொல்லுங்க" என்றார். தொட்டதே தெரியாததால் நான் வாயே திறக்கவில்லை. தொழுநோய்தானாம். கண்ணாடியில் பார்த்து எண்ணி வைத்திருந்த ஐந்தையும் காட்டினேன்.

"அஞ்சு வரைக்கும்னா ஆறு மாசம் மாத்திரை. அதுக்கு மேலன்னா ஒரு வருஷம். சட்டையக் கழட்டுங்க, முதுகையும் பார்த்துடலாம்."

கழற்றும்போது பையிலிருந்து உன் கையெழுத்தில் ஒரு சீட்டு விழுந்தது. 'முதுகுல வலப்பக்கம் மங்கலா ஒண்ணு இருக்கு. டாக்டர்கிட்ட அதையும் காட்டுங்க.'

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்து உற்றுப் பார்த்தார். "எனக்கே சட்டுனு தெரியல. யாரு கண்டுபிடிச்சது?"

"வீட்டுக்காரிங்க."

ஆக, ஒரு வருஷ வைத்தியம். முதல் வேளை மாத்திரை போட்டாயிற்று. இனி யாருக்கும் ஒட்டாதாம். உன்னையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டுமாம், அடுத்த முறை என்னோடு வந்துவிடு.

உனக்கு ஒட்டிவிடக் கூடாதென்றுதான் முதுகுவலி என்று சொல்லித் தனியாகப் படுத்தேன். நீ தைலத்தோடு வந்து உட்கார்ந்தாய். மூன்று மாதமாகத் தினமும் அந்த இடத்தைத் தொட்டிருக்கிறாய். எனக்குத்தான் தெரியவே இல்லை.

நாளை வருகிறேன். பாயை உன் பக்கத்திலேயே போடு.

உன்
பொய்க்காரன்